வெயில் ஏறுமுன்

கமுந்திங் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? கண் விழித்ததும் கை முதலில் எதைத் தேடியது? கைப்பேசியைத்தானே?

இந்த வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் இருட்டோடு பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் மரம் சீவினார்கள். அதிகாலைக் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் தாராளமாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். பலருக்குக் கவனமும் அப்படித்தான். அந்த நல்ல நேரத்தைத்தான் புலனத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.

கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கலிபோர்னியாப் பேராசிரியர் குளோரியா மார்க் அளந்தே பார்த்தார். 2004-இல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பிந்தைய ஆண்டுகளில் 47 விநாடியாகச் சுருங்கிவிட்டது. என்னை உலுக்கியது இன்னொன்று: இடையூறுகளில் ஏறக்குறைய பாதி, நாமே தேடிப்போவது. மணி அடிக்காமலே எடுத்துப் பார்க்கிறோம்!

ஆகவே சத்தத்தை அடக்கினால் மட்டும் போதாது, கைக்கு எட்டாமலும் வைக்கவேண்டும். எஸ்பிஎம் எழுதப்போகும் பிள்ளை கணக்குப் போடும்போது அதன் கைப்பேசி சமையலறை அலமாரியில் இருக்கட்டும். அம்மா அப்பாவுடையதும் கூடவே இருக்கட்டும். பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டால் எடுபடாது.

இதற்காகக் குடும்பக் குழுவைவிட்டு விலகவேண்டாம், மனஸ்தாபம் வரும். புலனத்தில் குழுவை 8 மணி நேரம் ஒலியடக்கி வைக்கலாம். ஒரு ஷிப்டுக்குச் சரியாக இருக்கும். அவசரமென்றால் நேரடியாக அழைக்கும்படி வீட்டில் சொல்லிவையுங்கள். அந்த மணி வழக்கம்போல் அடிக்கும்.