ஆஷூரே கிண்ணமும் அயல்நாட்டுச் சமையலும்

துருக்கியில் முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாளையொட்டி ஆஷூரே எனப்படும் இனிப்புக் கூழ் பெரிய அண்டாக்களில் காய்ச்சப்பட்டு, உறவு, சமயம், நாடு என்ற வேறுபாடு பாராமல் அண்டை வீடுகள் பலவற்றுக்கும் கிண்ணம் கிண்ணமாக அனுப்பப்படுகிறது. பெருவெள்ளம் வடிந்தபின், நூஹ் நபியின் கப்பலில் எஞ்சியிருந்த தானியங்களையும் பழங்களையும் ஒன்றாக வேகவைத்ததால் இவ்வுணவு பிறந்தது என்பது அங்கு வழங்கும் ஐதீகம். இரவெல்லாம் ஊறிய உமி நீக்கிய கோதுமை குழைய வெந்ததும், தனியே வேகவைத்த கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், உலர்ந்த ஆப்ரிகாட் பழம், அத்தி, திராட்சை ஆகியவை சர்க்கரையுடன் சேர்க்கப்பட, ஆறிய கூழின் மேல் மாதுளை முத்துகளும் அக்ரூட் பருப்பும் தூவப்படுகின்றன. முஹர்ரத்தில் பன்னிரண்டு நாள் நோன்பிருக்கும் அலெவி பிரிவினர், பன்னிரு இமாம்களின் நினைவாகப் பன்னிரண்டு பொருள்களைச் சேர்ப்பதுண்டு.

அங்குக் குடியேறிய அயல்நாட்டுக் குடும்பத்திற்கு அக்கம்பக்கத்தாரின் அறிமுகம் இக்கிண்ணத்தின் வழியாகவும் வாய்க்கிறது என்பது போற்றத்தக்கது. வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவது அந்நாட்டு வழக்கமன்று. ஆதலால் தன் வீட்டுச் சமையலில் ஒன்றை அதில் இட்டுத் தருவதே முறையாகும். சமயவிலக்குள்ள இறைச்சியும் மதுவும் கலவாத, காரம் மட்டுப்பட்ட எலுமிச்சைச் சோறோ பருப்பு வடையோ பொதுவாகத் தயக்கமின்றி ஏற்கப்படும்.