எஃப்.சி. தேதி பார்த்தீர்களா?

(பந்தல்குடியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் வாசிப்பு, கணக்கு, பதிவேடு என்று பேசுவது வழக்கம். இன்று பிள்ளைகள் பள்ளிக்கு வந்து சேரும் வண்டியைப் பற்றிப் பேச இருபது நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறக்கிறோம். அதற்கு முந்தைய அரை மணி நேரம் பிள்ளை எந்த வண்டியில், எப்படி வந்தது என்பது நம் கண்ணில் படுவதில்லை.

நம் பகுதி நிலவரம் உங்களுக்குத் தெரியும். கரிசல் காடு, நடுவே சீமைக்கருவேலம், நாலு கிலோமீட்டருக்கு ஒரு ஊர். காலை பஸ் ஒன்று, மாலை பஸ் ஒன்று. அதில் ஒன்று பள்ளி நேரத்துக்கு ஒத்து வராது. அம்மா விடியற்காலையில் மில் வேனில் அருப்புக்கோட்டைக்குப் போய்விடுகிறார். அப்பா லாரியிலோ கரிமூட்டத்திலோ வேலை. பிள்ளைகளுக்கு ட்ரிப் அடிக்கிற ஆட்டோ, இல்லையென்றால் மேஜிக் வண்டி. தூரத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் துறையே போக்குவரத்துக்கும் வழித்துணைக்கும் உதவித்தொகை தருகிறது. அந்தப் பணமும் இந்த வண்டிகளுக்குத்தான் போகிறது. ஆகவே தனியார் வண்டி, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது.

எஃப்.சி. என்று எல்லாரும் சொல்கிறோம். தகுதிச் சான்று என்பது அதன் தமிழ்ப் பெயர். வாடகைக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றும் எந்த வண்டிக்கும், பள்ளிப் பேருந்துக்கும் இது வேண்டும். புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எட்டு வயதுக்கு மேல் வருடா வருடம். 2018 நவம்பரில் விதி இப்படி மாற்றப்பட்டது. அதற்கு முன் முதல் இரண்டு ஆண்டு கழிந்ததுமே வருடா வருடம் காட்ட வேண்டியிருந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியைப் பார்த்து பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, ஹாரன், வைப்பர், புகை எல்லாம் சரியென்றால் கையெழுத்துப் போடுவார்.

தேதி தவறினால் என்ன? பெரும்பாலானோர் நினைப்பது, "போலீஸ் பிடித்தால் அபராதம், அவ்வளவுதான்" என்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 56ஐப் படித்துப் பாருங்கள். நடப்பிலுள்ள தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. வண்டியில் நம்பர் பலகை இருக்கும், ஆர்.சி. புத்தகம் இருக்கும், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது பதிவில்லாத வண்டி. பதிவில்லாத வண்டியை ஓட்டினால் பிரிவு 192. முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 வரை அபராதம். மறுபடியும் என்றால் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ.

இதைவிடப் பெரியது இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறோமே என்று வண்டிக்காரர் தைரியமாக இருப்பார். 2018இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, விபத்து நேரத்தில் தகுதிச் சான்று இல்லாதது இன்சூரன்ஸ் நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று தீர்ப்பளித்தது. அதன் பொருள், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை வண்டி உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கலாம். அந்த உரிமையாளர் யார்? நம் பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் அப்பா. அவரிடம் இருப்பது அந்த ஆட்டோவும் ஒரு ஓட்டு வீடும். அடிபட்டவரும் இன்னொரு பிள்ளையின் அப்பாவாகத்தான் இருப்பார். இரண்டு வீடும் நம் பதிவேட்டில் இருக்கிற வீடுகள்.

இங்கே ஒரு கேள்வி எழும். தேதி நடப்பில் இருந்தால் மட்டும் வண்டி நல்ல வண்டியா?

2012 ஜூலை 25 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தாம்பரம் அருகே முடிச்சூரில், சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தில், இரண்டாம் வகுப்புப் படித்த பெண் குழந்தை பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். மாலையில் வீட்டுக்குத் திரும்பும் நேரம். அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. இருந்தது. விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கொடுத்திருந்தார்கள். இரும்புத் தகடு சில வாரத்தில் இற்றுப்போய் ஒரு குழந்தை விழும் அளவுக்கு ஓட்டையாகாது என்பது எந்தத் தகரப் பட்டறைக்காரருக்கும் தெரியும். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு மே மாதமும் போக்குவரத்து, வருவாய், காவல், கல்வி என்று நாலு துறையும் சேர்ந்து தனியார் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்களே, அது இந்த விதிகளின்படிதான். 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இன்னொரு குழந்தை இறந்த பிறகு கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின.

எஃப்.சி. தாளை மந்திரத் தகடு மாதிரி நான் பேசவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன். அந்தத் தேதிக்கு நான் கொடுக்கும் பொருள் சின்னது. அந்த நாளில் பொறுப்புள்ள ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க வேண்டும். தேதி தவறியிருந்தால், யாருமே பார்க்கவில்லை என்பது நிச்சயம். தேதி நடப்பில் இருந்தால், பார்த்திருக்கலாம். அவ்வளவுதான். ஆகவே தாளையும் பார்க்க வேண்டும், வண்டியின் தரையையும் பார்க்க வேண்டும். நம் பள்ளிக்கு வரும் ஆட்டோவையும் மேஜிக்கையும் மே மாத வரிசையில் யாரும் நிறுத்துவதில்லை.

எங்கள் பள்ளிக்கு ஒரு ஆட்டோ வருகிறது. ஒன்பது பிள்ளைகள். மூன்று பேர் ஏற வேண்டிய வண்டி. ஒரு நாள் வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தேன். எஃப்.சி. முடிந்து ஐந்து மாதம். ஓட்டுபவரும் பெற்றோர்தான். வகுப்பு முடிந்து வந்தவரிடம் தனியாகக் கேட்டேன்.

"என்னண்ணே, எஃப்.சி. முடிஞ்சிருச்சாமே?"

"ஆமா டீச்சர். எடுக்கணும். டிங்கரிங், பெயிண்டிங், பிரேக் வேலை எல்லாம் முடிக்க ஒரு வாரம் வண்டி பட்டறையில நிக்கும். ஒரு வாரம் ஓடலைன்னா ஃபைனான்ஸ்காரன் வாசல்ல வந்து நிப்பான். கொரோனா நேரத்துல கவர்மெண்டே தள்ளி வச்சாங்கல்ல?"

கொரோனாவுக்காக வாகனத் தாள்களின் தேதியை ஒன்றிய அரசு பல முறை தள்ளி வைத்தது உண்மை. கடைசித் தள்ளிவைப்பு 2021 அக்டோபர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தள்ளத் தள்ளத் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறுவதால் நாளைக்கு எடுப்பது இன்றைவிடக் கஷ்டமாகிறது. அவர் அந்தச் சுழலில் இருந்தார்.

இந்த இடத்தில்தான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். "நாளை முதல் இந்த வண்டி வாசலுக்கு வரக் கூடாது" என்று சொல்வது எளிது. சொல்லியிருந்தால் அந்த ஒன்பதில் இரண்டு பெண் பிள்ளைகள் மறுநாள் முதல் வந்திருக்க மாட்டார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையை நாலு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் தனியாக நடக்க அனுப்பும் பெற்றோர் எங்கள் பக்கம் இல்லை. இடைநிற்றல் பட்டியலில் இரண்டு பெயர் கூடியிருக்கும். காரணம் என்ற கட்டத்தில் "குடும்பச் சூழல்" என்று எழுதியிருப்போம். அதற்காகப் பேசாமல் இருக்கவும் முடியாது. பிரேக் பிடிக்காத வண்டியில் வரும் பிள்ளையும் அதே பிள்ளைதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். ஊர்ப் பெயரைக் கெடுக்காமல், ஆளைக் குற்றவாளியாக்காமல் பேசினோம். காலாண்டு விடுமுறை அடுத்த வாரம். வண்டி பட்டறைக்குப் போக அதைவிட நல்ல நேரம் இல்லை என்று ஒரு தாய்தான் சொன்னார். விடுமுறைக்குள் வேலை முடியாவிட்டால் திறந்த முதல் இரண்டு நாள் ஊராரின் பைக்குகளில் முறை வைத்துக் கொண்டுவந்து விடுவது என்று முடிவானது. மாத வாடகையைப் பெற்றோர்கள் முன்கூட்டியே கொடுத்தார்கள். பிரேக் வேலைக்கு அது உதவியது. எஃப்.சி. வந்தது. ஒன்பது பேரை ஒரே ட்ரிப்பில் ஏற்றுவதையும் பேசி இரண்டு ட்ரிப் ஆக்கினோம். அதற்காக முதல் ட்ரிப் எட்டே காலுக்கே வந்துவிடுகிறது. வாசல் திறக்க ஒருவர் சீக்கிரம் வர வேண்டியிருக்கிறது. இன்னும் ஒன்பது இரண்டால் வகுபடவில்லை என்பதும் உண்மை. நாலும் ஐந்துமாக வருகிறார்கள். அந்தப் பேச்சுவார்த்தை தொடர்கிறது.

அடுத்தது நம் கையிலேயே இருக்கிற விஷயம். கலைத் திருவிழா, விளையாட்டுப் போட்டி, அறிவியல் கண்காட்சி என்று வட்டார அளவுக்கும் மாவட்ட அளவுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். வண்டி பேசும்போது வாடகை கேட்கிறோம், ஏ.சி. உண்டா என்று கேட்பவர்கள்கூட உண்டு. எஃப்.சி. தேதி கேட்பவர் குறைவு. சில இடங்களில் செலவு குறையும் என்று குட்டியானையின் பின்பக்கம் பிள்ளைகளை நிற்க வைத்துக் கூட்டிப்போகிறார்கள். சரக்கு வண்டிக்கு எஃப்.சி. நடப்பில் இருந்தாலும் அது சரக்குக்குத்தான். பறைக்குழுப் பிள்ளைகள் கையில் பறையோடு அதில் நின்று போவதை நினைத்துப் பாருங்கள், பிடித்துக்கொள்ளக்கூடக் கை கிடையாது. வண்டி எண்ணை முதல் நாளே வாங்கிவிட வேண்டும். செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றின் தேதியும் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. தேதி தவறியிருந்தால் வேறு வண்டி பேச ஒரு நாள் இருக்கும். காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் சீருடையோடு ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால் ஒருவருக்கும் இறக்கிவிட மனசு வராது. எஃப்.சி. காட்டுவதற்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, காட்டி முடித்ததும் பழையதை மாட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே ஏற்றுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து டயரைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வேண்டாம்.

இதை வகுப்புக்குள் கொண்டுபோகலாம். தூத்துக்குடி சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகளும் உண்டு. முகப்பிலோ பக்கவாட்டிலோ எஃப்.சி. தேதியைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். சுற்றுச்சுவருக்கு உள்ளே நின்று, நிற்கிற வண்டிகளின் தேதியைக் குறித்துவரச் சொன்னேன். கணக்கு இப்படிப் போனது. 10.06.2019இல் பதிவான வேன் எந்தெந்த ஆண்டில் எஃப்.சி. காட்ட வேண்டும்? 2021, 2023, 2025, 2027. அதற்குப் பிறகு 2028, 2029 என்று வருடா வருடம். ஐந்தாம் வகுப்புக்குப் பாடப்புத்தகக் கணக்கைவிட இது நன்றாக ஏறியது. எட்டாம் வகுப்பு அறிவியலில் உராய்வு வரும்போது பிரேக் கட்டையையும் தேய்ந்த டயரையும் மேசை மேல் வைத்தோம். பட்டறையில் கேட்டால் இனாமாகவே தருவார்கள்.

ஒரு பையன் என்னிடம், "டீச்சர், ஒங்க ஸ்கூட்டிக்கு எஃப்.சி. எப்போ?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நம் சொந்த பைக், காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அது முடிந்ததும் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய காரை ஒவ்வொரு வருடமும் சோதனைக்கு விட வேண்டும். ஜப்பானில் முதலில் மூன்று ஆண்டு, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. நமக்குப் பதினைந்து ஆண்டுவரை கேட்பாரில்லை. என்னைக் கேட்டால், இந்தச் சாலையில் ஓடுகிற வண்டிக்கு அது மிக அதிகம். 2010, 2011இல் வாங்கிய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இங்கே பலர் உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பார்த்துவிடுங்கள். என் ஸ்கூட்டிக்கு இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. அந்தப் பையனிடம் தாளைக் காட்டினேன். அவன் தாளை வாங்கி வாசித்துவிட்டு, குனிந்து பின் டயரையும் பார்த்தான்.

அடுத்த மாதம் அருப்புக்கோட்டையில் வட்டார அளவிலான போட்டிகள் இருக்கின்றன. வண்டி பேசுகிறவர்கள் எண்ணை இந்த மையத்தின் வாட்ஸாப் குழுவில் போடுங்கள். செயலி இல்லாதவர்களுக்கு நானோ வேறு யாரோ பார்த்துச் சொல்கிறோம். இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு நல்ல வேனாகப் பேசினால் வாடகையும் குறையும். யார் யார் சேருகிறீர்கள் என்று தேநீர் இடைவேளையில் சொல்லிவிட்டால் நல்லது.