தும்பி



எழுபது வயதில், அரியாலையில் எங்கள் வீட்டு முன் ஹோலுக்குள் நான் ஹெலி ஓட்டப் பழகிய கதையை இன்று சொல்லப்போகிறேன். விளையாட்டு ஹெலிதான். ஒரு சாண் நீளம், ஒரு கோழிமுட்டையின் பாரம்கூட இல்லை. 2024 ஓகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த பேரன் தன் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே பொத்திக் கொண்டுவந்தது. அவனுக்கு அப்போது 11 வயது.

முதலில் முற்றத்தில்தான் விட்டோம். ஓகஸ்ட் மாதத்துச் சோழகம் எப்படி வீசும் என்பது உங்களுக்குத் தெரியும். எழும்பிய கையோடு அது வேலிக்கு மேலால் பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. காற்று மட்டும் குற்றவாளி அல்ல. கையிலிருக்கும் றிமோட், தொலைக்காட்சி றிமோட்டைப் போல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால்தான் கட்டளை அனுப்புகிறது. வெயிலிலும் அதே ஒளி உண்டு. வெயிலில் நின்றால் ஹெலியின் சிறிய கண் கூசிப்போய், நாங்கள் சொல்வது அதற்குக் கேட்பதில்லை. ஆகவே ஹோலுக்குள் வந்தோம். கதிரைகளைச் சுவரோரம் தள்ளி, மின்விசிறியை நிற்பாட்டினோம்.

பேரன் றிமோட்டை என் கையில் தந்தான். இடது பெருவிரல் ஏற்றவும் இறக்கவும், வலது பெருவிரல் திருப்பவும் முன்னே விடவும். நான் இடது விரலை ஒரே தள்ளாகத் தள்ளினேன். அது நேரே போய்த் தீராந்தியில் செருகிக்கொண்டது. மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடியால்தான் இறக்கினோம்.

இரண்டாம் முறை கூரைக்குக் கிட்டப் போனதும் பயந்து விரலை எடுத்துவிட்டேன். கல்லு விழுந்ததுபோல் விழுந்தது.

"அப்பப்பா, பயம் வந்தாலும் கையை முழுக்க எடுக்காதேங்கோ. கொஞ்சம் கொஞ்சமாக் குறையுங்கோ" என்றான்.

வாத்தியார் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். இவ்வளவு சுருக்கமாக ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பேனோ தெரியாது.

அந்தப் பின்னேரம்தான் அது நடந்தது. என் முறை முடிந்து பேரன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஹெலி வாசலைத் தாண்டிக் குசினிப் பக்கம் திரும்பியது. "அப்பம்மா, ஹெலி வருது!" என்று உற்சாகமாகக் கத்தினான். குசினிக்குள் நின்ற என் மனைவி அகப்பையைப் போட்டுவிட்டுப் பின்வாசலால் வெளியே ஓடினாள். முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தாள். பிறகு, பழைய பங்கர் இருந்த மாமரத்தடியைப் பார்த்தாள்.

பேரன் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சத்தத்துக்கு அவள் ஓடவில்லை. அந்த விளையாட்டுச் சாமானின் சத்தம் ஒரு குளவியின் சத்தம்தான். அவளை ஓடவைத்தது சொல். பத்திரிகைகள் உலங்கு வானூர்தி என்று எழுதின. ஊர் வாயில் அது ஹெலி. பொம்பருக்கு ஒரு சத்தம், சகடைக்கு ஒரு சத்தம், ஹெலிக்கு ஒரு சத்தம் என்று எழுத்துக்கு முன்பே பிள்ளைகள் படித்த காலம். "ஹெலி வருது" என்று யாராவது ஒருவர் கத்தினால் போதும், அடுப்பில் இருப்பது அடுப்பிலேயே இருக்கும்.

1995இல் என் மகனுக்கும் இதே 11 வயதுதான். 1990இல் மின்சாரம் நின்றபின் எங்கள் வீட்டு வானொலி அவனுடைய கைப்பலத்தில்தான் பாடியது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலை அவன் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் நான் செய்தி கேட்பேன். அவன் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அதே சைக்கிளில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, ஒக்ரோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்தால் ஊரோடு ஊராகப் போனோம். இப்போது அவனுடைய மகன் விரல் நகமளவு பற்றறி ஒன்றை நாற்பது நிமிடம் சார்ஜில் போட்டு, ஏழு நிமிடம் பறக்கவிட்டு முடிக்கிறான். அவனில் பிழையில்லை. எனக்குத்தான் கணக்குப் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

இரவு சாப்பாட்டில் மனைவி பேரனுக்குப் புட்டு வைத்தபடி சொன்னாள்: "அதுக்கு வேறை பேர் ஒண்டு வையடா மோனை. தும்பி எண்டு வையன்."

தும்பி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் காட்டிக்கொடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது தும்பி.

விளையாட்டு ஹெலிக்குப் பறக்கும் உயிரின் பெயர் வைப்பது புதிதும் அல்ல. 1878இல் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கொண்டுவந்தார். மூங்கில், தக்கை, கடதாசி, முறுக்கிய ரப்பர். பிரான்ஸ் நாட்டு அல்போன்ஸ் பெனோ என்பவருடைய அமைப்பு. கையிலிருந்து விட்டதும் அது அறைக்குள் எழும்பிக் கூரையில் முட்டிப் படபடத்து இறங்கியது. பிள்ளைகள் அதற்கு வௌவால் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வில்பரும் ஓர்வில் ரைட்டும். அவர்களுடைய வீட்டில் அந்தப் பெயருக்கு யாரும் முற்றத்துக்கு ஓடியிருக்கமாட்டார்கள்.

தும்பியை மேலே அனுப்புவது பெரிய காரியமில்லை. ஒரே இடத்தில் நிற்கவைப்பதுதான் வித்தை. அதன் தலையில் இரண்டு சுழலிகள், ஒன்று வலம், மற்றது இடம். ஒன்றின் முறுக்கை மற்றது ஈடுசெய்வதால்தான் உடம்பு சுற்றாமல் நிற்கிறது. திரும்பவேண்டுமானால் ஒன்று சற்று வேகம் கூட்டும். 2021இல் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த இன்ஜெனுயிட்டிக்கும் இதே இரட்டைச் சுழலிதான் என்று பேரன் சொன்னான். வாலில் உள்ள குட்டிச் சுழலி வாலைத் தூக்கினால் மூக்குத் தாழ்ந்து முன்னே போகும். நிலத்துக்குக் கிட்ட நின்றால், தான் கீழே தள்ளிய காற்று சிமெந்துத் தரையில் பட்டு அதையே தாலாட்டும்; முழங்கால் உயரத்துக்கு மேலே எழும்பினால்தான் அமைதி. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அது என்னை நோக்கி வரும்போதுதான். அதன் இடது கை அப்போது என் வலப்பக்கம். உள்ளே உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஓட்டவேண்டும். அந்த நினைப்பு வர எனக்குக் கிழமைக் கணக்கானது. அதற்குள் சுவாமிப் படக் கண்ணாடி ஒன்று போய்விட்டது.

இகோர் சிகோர்ஸ்கி தன் ஹெலியை முதன்முதல் தரையிலிருந்து எழுப்பிய நாள் 1939 செப்ரெம்பர் 14. கீழே கட்டிவைத்துத்தான் எழுப்பினார். கட்டை அவிழ்த்துப் பறந்தது 1940 மே 13. செய்தவர் எட்டு மாதம் கட்டிவைத்துப் பழகியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஓகஸ்ட் கடைசியில் பேரன் போய்விட்டான். தும்பியை எனக்கு விட்டுவிட்டுப் போனான். மனைவி கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் எடுப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் வெள்ளெனத் திரும்பிவிட்டாள். நான் கவனிக்கவில்லை. தும்பி ஹோலின் நடுவே, என் நெஞ்சளவு உயரத்தில், அசையாமல் நின்றது. அவ்வளவு நேரம் அது ஒருநாளும் நின்றதில்லை. வாசலில் அவள் நிழல் தெரிந்தது. விரலை எடுக்க நினைத்தேன். பேரன் சொன்னது ஞாபகம் வந்து, மெல்ல மெல்லக் குறைத்து இறக்கினேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் சுளகு இருந்தது. அதை நிலத்தின் நடுவில் வைத்தாள்.

"இதிலை இறக்குங்கோ பாப்பம்."

இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை விளிம்பில் ஒரு கால், நிலத்தில் ஒரு கால்.

"நடுவிலை எல்லோ இறக்கவேணும்" என்றாள்.

பற்றறி முடிந்துவிட்டது என்றேன். ஏற எவ்வளவு நேரம் என்று கேட்டாள். நாற்பது நிமிடம் என்றேன். சுளகை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கப் போனாள்.