வீட்டிலேயே உப்புச் சோப்பு செய்யலாம்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. விலை இறங்கும்போது கொப்பரையாக்கி, செக்கில் கொடுத்து ஆட்டி, எண்ணெயைக் குடத்தில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் குளிக்கிற சோப்பை மட்டும் கடையில்தான் வாங்குகிறோம். அந்தச் சோப்பை நம்ம எண்ணெயிலேயே, சமையல் உப்பைச் சேர்த்துச் செய்துகொள்ளலாம். அது எப்படி என்றுதான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலிலேயே ஒரு வார்த்தை. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கைத்திட்டம், கண்திட்டம் எல்லாம் இதற்கு ஆகாது. தராசு இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

தேங்காய் எண்ணெய் ஏன்?

சோப்பு ஆலைகளில் சோப்புக் கூழைக் காய்ச்சி, அதில் உப்பைப் போட்டுத்தான் சோப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பார்கள். சாதாரணச் சோப்பு உப்பைக் கண்டால் கரையாமல் ஒதுங்கிவிடும். அதனால்தான் கடலோரத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரில் பல சோப்புகள் நுரைப்பதில்லை. தேங்காய் எண்ணெய் சோப்பு அப்படியில்லை. உப்பிலும் கரையும், நுரைக்கும். முன்பு கப்பலில் போனவர்கள் கடல் தண்ணீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய் சோப்பைத்தான் எடுத்துப் போனார்கள்.

சரி, உப்பை எதுக்குப் போடறோம்? உப்பு அழுக்கை எடுக்காது. கட்டியை இறுக்கும், சீக்கிரம் கரையாமல் வைக்கும், நுரையைப் பாலாடை மாதிரி ஆக்கும். தோல் வியாதி தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அளவு: எழுதிக்கொள்ளுங்கள்

தாளும் பென்சிலும் எடுத்துக்குங்க. இரண்டு தடவை சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் 1 கிலோ. காஸ்டிக் சோடா 145 கிராம். தண்ணீர் 320 கிராம். பொடித்த உப்பு 500 கிராம்.

மறுபடியும்: எண்ணெய் 1 கிலோ, காஸ்டிக் சோடா 145 கிராம், தண்ணீர் 320 கிராம், உப்பு 500 கிராம். எண்ணெயையும் படியில் அளக்காமல் எடை போட்டே எடுங்கள்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நாம் போடுவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் எண்ணெயாகவே கட்டியில் தங்கும். தனித் தேங்காய் எண்ணெய் சோப்பு அழுக்கோடு சேர்த்துத் தோலில் உள்ள பசையையும் எடுத்துவிடும். அதற்கு ஈடுகட்டத்தான் இந்த மிச்ச எண்ணெய்.

இங்கேதான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள். “தேங்காய் எண்ணெய் போதவில்லை, கடலை எண்ணெயை ஊத்தலாமா?” என்று கேட்கிறார்கள். கூடாது. ஒரு கிலோ கடலை எண்ணெய்க்கு 136 கிராம் காஸ்டிக் சோடாவே போதும். அதில் 145 போட்டால் மிச்சமாகிற காரம் கட்டியிலேயே நிற்கும், உடம்பைப் புண்ணாக்கிவிடும். நல்லெண்ணெய்க்கு அதைவிடக் குறைச்சல். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும்.

காரத் தண்ணீர்

காஸ்டிக் சோடா வேறு, சலவைச் சோடா வேறு, ஆப்பச் சோடா வேறு. கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். காற்றுப் பட்டால் ஈரம் உறிஞ்சிக் கட்டி தட்டும். அப்படிப்பட்டதை எடை போட்டால் கணக்குத் தப்பும். இறுக்க மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

அலுமினியப் பாத்திரத்தை இந்த வேலைக்குக் கொண்டு வராதீர்கள். காரம் அதை அரித்துவிடும், எரியக்கூடிய வாயுவும் கிளம்பும். எவர்சில்வர் பாத்திரமும் மரக் கரண்டியும் போதும். அவற்றைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. வேலை வெளித் திண்ணையில். குழந்தைகளும் ஆடுகோழியும் பக்கத்தில் வரக்கூடாது. உப்பில்லாத நல்ல தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பில்லாமலேயே தண்ணீர் சுடச்சுட ஆகிவிடும், நெடி வரும், முகத்தைக் காட்டாதீர்கள்.

தெளிந்தபின் அது பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஆபத்து அங்கேதான். விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடி வருகிற பிள்ளைக்கு என்ன தெரியும்? காரத் தண்ணீரைச் சொம்பிலோ டம்ளரிலோ ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள். அது ஆறுகிற வரைக்கும் ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர்விட்டு இருபது நிமிஷம் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே, கழுவியதும் ஆஸ்பத்திரி. புளித்தண்ணீர், எலுமிச்சை என்று எதையும் ஊற்றாதீர்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வரும் வழியில் புண்ணாக்கிய காரம், திரும்பும் வழியிலும் புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து, 108-க்குச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பதம்

எண்ணெய் உறைந்திருந்தால் லேசாகச் சூடாக்கி உருக்குங்கள். எண்ணெயும் காரத் தண்ணீரும் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கவேண்டும். காரத் தண்ணீரை எண்ணெயில் மெல்ல ஊற்றி, விடாமல் கிண்டுங்கள். கையால் கிண்டினால் நேரம் பிடிக்கும். பாதியில் விடாதீர்கள். தோசைமாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து வடிகிற கோடு மேலே ஒரு கணம் நின்றால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது உப்பைக் கொட்டிக் கலக்குங்கள். நைசாகப் பொடித்துச் சலித்த உப்பாக இருக்கட்டும். கல்லுப்பாகப் போட்டால் தேய்க்கும்போது தோலைக் கீறும். உப்பளத்திலிருந்து புதிதாக வந்து நீர் கசிகிற உப்பு வேண்டாம். அந்தக் கசப்பு நீரில் உள்ள மக்னீசியம் சோப்பைத் திரித்துவிடும். நீர் வடிந்து காய்ந்த பழைய உப்பே நல்லது.

கலந்ததும் தாமதிக்காமல் எண்ணெய் தடவிய சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள். பாலிதீன் தாள் விரித்த மரப்பெட்டியிலும் ஊற்றலாம். பெட்டி என்றால் ஒன்றரை மணி நேரத்திலிருந்தே பக்கத்தில் இருந்து பாருங்கள். கையுறையோடு அழுத்தினால் அமுங்காமல், கொஞ்சம் சூடு இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். நான் முதல் தடவை மறுநாள் காலையில் வெட்டப் போனேன். கத்தியை வைத்தால் கருங்கல் மாதிரி உடைஞ்சு சிதறிச்சு. ஒரு கட்டிகூட உருப்படியாக வரவில்லை.

காத்திருங்கள்

மறுநாளே தேய்த்துப் பார்க்க ஆசை வரும். பொறுங்கள். நிழலில், காற்றோட்டமாக, மூங்கில் தட்டியில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, நாலிலிருந்து ஆறு வாரம் உலரவிடுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டி வியர்க்கும். ஆகவே வெயில் காலத்தில் செய்து வைத்துக்கொள்வதே தோது.

காரம் மிச்சமிருக்கிறதா என்று மஞ்சளைத் தடவிப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எந்தச் சோப்பிலும் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சரியான எடைதான் காப்பு. வெட்டும்போது உள்ளே நீர் தேங்கிய குழியோ, காரக்கட்டியோ தெரிந்தால் அந்தத் தடவை செய்த சோப்பை உடம்புக்குப் போடாதீர்கள்.

இந்த அளவில் ஏறத்தாழ இரண்டு கிலோ கூழ் கிடைக்கும். உலர்ந்தபின் நூறு கிராம் கட்டிகள் பதினெட்டு வரை தேறும். கைக்குழந்தைக்கு வேண்டாம். நாற்று நட்டுச் சேற்றுப்புண் வந்த காலிலும் வேண்டாம், உப்பு எரியும். சோப்புப் பெட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வீட்டு உபயோகத்துக்குச் சொன்னது. விற்க நினைப்பவர்கள், அழகுசாதனப் பொருள்களுக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வாங்கியபிறகே தொடங்க வேண்டும்.

முதல் தடவை இந்த அளவில் பாதி போட்டுப் பழகுங்கள். பாதி என்றால் நாலு சாமானும் பாதி. எண்ணெய் நம்முடையது, உழைப்பு நம்முடையது. தராசை மட்டும் மறந்துவிடாதீர்கள்.