அடிமை ஓலையும் கடன் சீட்டும்

(ஏப்ரல் 7-ஆம் நாள் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் கூடியது ஒரு சட்டத்தின் பிறந்த நாளை நினைவுகூர்தற்பொருட்டு. 1843-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் நாள் இந்திய அடிமைச் சட்டம், அதாவது அவ்வருஷத்து 5-வது சட்டம், நிறைவேறிற்று. ஆங்கிலப் பார்லிமெண்டார் 1833-ல் இயற்றிய சட்டத்தால் அவர்தம் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனம் 1834 ஆகஸ்டு 1 முதல் ஒழிக்கப்பட்டது. ஆயின் கம்பெனியாரின் இந்தியப் பகுதிகள் அதனின்றும் விலக்கப்பட்டிருந்தன. நம் நாட்டு அடிமைகள் பின்னும் ஒன்பது வருஷம் காத்திருக்க நேர்ந்தது.

அடிமைத்தனம் ஆப்பிரிக்கருக்கே உற்ற துன்பமென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மனிதர் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலேயே காணப்படுகிறது. பிற்காலத்தில் நன்செய் நிலத்தை விற்கும்போதும் ஒற்றி வைக்கும்போதும், அதில் உழைத்த ஆட்களையும் சேர்த்தெழுதும் வழக்கம் தமிழ் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது.

1843-ஆம் வருஷத்துச் சட்டம் நான்கே பிரிவுகளை உடையது. வரிப்பாக்கிக்காகவோ கோர்ட்டுத் தீர்ப்பை நிறைவேற்றவோ, அடிமையென்று சொல்லி எவரையும் சர்க்கார் அதிகாரி விற்கலாகாது. ஒருவர் தமக்கு அடிமையென்னும் உரிமையை எந்தக் கோர்ட்டும் நிலைநாட்டித் தராது. உழைத்தோ மரபுரிமையாலோ ஒருவர் பெற்ற சொத்தை, அவர் அடிமையென்று காட்டிப் பறித்தல் செல்லாது. சுதந்தரனுக்குச் செய்தால் எது குற்றமோ, அஃது அடிமைக்குச் செய்தாலும் குற்றமே.

நம் புதுக்கோட்டை அந்நாளில் தொண்டைமான் மன்னரின் தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சு 3-ல்தான் இந்திய யூனியனோடு இணைந்தது. கம்பெனியாரின் சட்டம் நம் எல்லைக்கு வெளியே நின்றது. ஆகவே, இந்நாள் நமக்கு எதற்கு என்று ஒருவர் வினவலாம். அச்சட்டத்தின் நீதியும் எல்லை கடந்தது. அதன் குறையும் எல்லை கடந்தது என்பதே நம் விடை.

குறை யாது? எசமானனுக்குக் கோர்ட்டுக் கதவை அது அடைத்ததேயன்றி, அவனைத் தண்டிக்கவில்லை. மனிதரை அடிமையாக வாங்குதலும் விற்றலும் குற்றமென்று வகுத்த 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் 1862-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் அடிமை ஓலை போயிற்று. கடன் சீட்டு அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் உழைத்தான். 1950-ல் நம் அரசியற் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டாய வேலையை விலக்கிற்று. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ, அத்தகைய கடனையே செல்லாததாக்கி, கொத்தடிமையாக வேலை வாங்குவோருக்கு மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையும் விதித்தது.

சட்டம் ஏட்டிலிருந்து இறங்க ஆள் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் நம் ஜில்லாவிற் பரவிய காலத்தில், குடுமியான்மலைப் பக்கத்தில் பிறருக்குக் கட்டுண்டு கல்லுடைத்த பெண்கள் ஒன்றுசேர்ந்து குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்தனர். எழுத்தறிந்தவர் தம் கணக்கைத் தாமே பார்த்தனர். விடுதலையென்பது இதுவே.

நம் குலத்தில் நிலமும் சூளையும் உடையாரும் உளர். கூலிக்கு உழைப்பாரும் உளர். ஆதலின் இரு திறத்தாரையும் வேண்டுகிறோம். முன்பணத்தைக் காட்டி எவரையும் வேலையில் நிறுத்தி வையாதீர். நம்மவரோ பிறரோ, அவ்வாறு கட்டுண்டவரைக் கண்டால் கோட்டாட்சியரிடம் அழைத்துச் சென்று விடுதலைச் சான்று பெற்றுத் தருவீர். அவர்தம் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பீர். இவற்றைச் செய்யாமல் இந்நாளைக் கொண்டாடுதல் வெறுஞ்சடங்கேயாகும்.