தடைக்காலத்துக்கு முன் ஒரு மளிகைக் கணக்கு

(நம் சங்கத்தின் மார்ச் மாதக் காலாண்டுக் கூட்டத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன கூட்டத்தில் தெருவிளக்கு, வடிகால் எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது ஓர் அக்கா கேட்டார்: "விளக்கெல்லாம் சரிதான். எண்ணெய் விக்கிற விலையில தாளிக்கிறதையே விட்டுடலாமான்னு இருக்கு. அதுக்குச் சங்கம் ஒண்ணும் பண்ணாதா?" எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போய் என் மளிகை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். துவரம் பருப்பு மூன்று கிலோ என்று எழுதிய இடத்தில் இப்போது இரண்டு கிலோ. ஆனால் அடியில் போட்ட மொத்தத் தொகை குறையவே இல்லை. அதனால்தான் இன்று பேச வந்தேன்.

விலை ஏறினால் நாம் முதலில் திட்டுவது தெருமுனைக் கடைக்காரரை. ஆனால் நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது. அதே ஆண்டு உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. 2024 செப்டம்பரில், நம் எண்ணெய் வித்து விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று, சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தினார்கள். 2025 மே கடைசியில் அது 16.5 சதவீதமாகக் குறைந்தது. ஏறும்போது ஓடி வருகிற விலை, இறங்கும்போது நடந்துதான் வருகிறது. இதில் எதையும் ஆரம்பாக்கத்தில் உட்கார்ந்து நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருக்கிற மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எடை. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். அதே பருமனில் 850 கிராம் பாக்கெட்டும் கடையில் தொங்குகிறது. விலை நாலு ரூபாய் குறைவு என்று அதை எடுக்கிறோம். மாதம் நாலு பாக்கெட் என்றால், ஒவ்வொன்றிலும் 60 கிராம் குறைந்து, வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் குறைகிறது. பாக்கெட்டில் அளவுக்கான அலகு விலையும் அச்சிட வேண்டும் என்பது விதி. மொத்த விலையைப் பார்க்காதீர்கள், அதைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எடையில் சந்தேகம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

இரண்டாவது, ரேஷன். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடையில் அதே பருப்பு நூறு ரூபாய்க்கு மேல். "கூட்டமா இருக்கு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று நம்மில் எத்தனை பேர் விட்டுவிடுகிறோம்? இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். எல்லையோர ஊர் நம்முடையது. ரேஷன் அரிசி ஆந்திராவுக்குக் கடத்தப்பட்டதாகச் செய்தியில் படிக்கும்போது உச்சுக் கொட்டுகிறோம். வாசலுக்கு வருகிறவரிடம் அதே அரிசியைச் சில ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, இட்லி அரிசியைக் காசு கொடுத்து வாங்குவதும் நாம்தான். சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் மாவுக்குப் போடுங்கள். வாங்காத பொருளை வாங்கியதாகக் கைபேசிக்குச் செய்தி வந்தால் 1967-க்குச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு கொடுக்கும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். கணக்குப் போட்டால் நாளைக்கு 131 ரூபாய். ஏரியை நம்பியிருப்பவர்களுக்கும் கோடையில் தண்ணீர் வற்றி வரும்படி குறைகிறது. ஸ்ரீசிட்டிக்கும் சிப்காட்டுக்கும் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு மாதச் சம்பளம் உண்டு. கடலுக்கும் ஏரிக்கும் போகிற வீடுகளுக்கு இந்த இரண்டு மாதமும் கடை நோட்டுதான். கடனுக்கு வாங்கும்போது எந்தப் பாக்கெட், என்ன எடை என்று கேட்க வாய் வராது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம். பருப்பு குறையும், முட்டை குறையும், கடைசியில் பிள்ளைகளின் தட்டில்தான் அது தெரியும்.

அதனால் செயற்குழு ஒரு யோசனை வைக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய் மூன்றை மட்டும் சேர்ந்து மொத்தமாக வாங்குவோம். அரிசிக்குச் செங்குன்றம் மண்டி இருக்கிறது. இங்கே ஒரு சின்னத் தகவல். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையான, பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் இல்லை. கடைகளில் 26 கிலோ மூட்டை வந்த கதை இதுதான். அதை இரண்டு வீடு பிரித்துக்கொண்டால் வரி மிச்சம்.

செயற்குழுவிலேயே ஒருவர் கேட்டார்: "அப்ப நம்ம தெருக் கடைக்காரர் கதி?" நியாயமான கேள்வி. ஊரடங்கில் பஸ் இல்லாதபோது நமக்குக் கடன் கொடுத்தது பெரிய கடைகள் இல்லை, அவர்தான். ஆகவே அவரை ஒதுக்கிவிட்டு வாங்க வேண்டாம். அவர் மூலமாகவே வாங்குவோம். முன்பணமும் பட்டியலும் நாம் கொடுப்போம். அவர் சரக்கு இறக்கி, நம் முன்னால் எடை போட்டுத் தரட்டும். வண்டி வாடகையும் மூட்டைக்கு இவ்வளவு என்று அவர் கூலியும் முன்கூட்டியே பேசி எழுதிவிடுவோம். அவருக்குக் கடன் நிற்காது, நமக்கு விலை குறையும்.

முன்பணம் கட்ட முடியாத வீடுகளுக்கு, சம்பளம் வாங்குகிற வீடுகள் இந்த முறை கட்டட்டும். கடல் திறந்த பிறகு அவர்கள் திருப்பித் தரட்டும். இது நமக்குப் புதிதா என்ன? பழவேற்காடு ஏரியில் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துக்கொண்டதால்தான் வலிமை இல்லாதவன் வீட்டிலும் உலை கொதித்தது. தண்ணீரில் செய்ததைத் தரையில் செய்யப் போகிறோம், அவ்வளவுதான்.

வெளியே மேசையில் நோட்டு இருக்கிறது. வீட்டு எண், எத்தனை பேர், என்ன வேண்டும் என்று எழுதுங்கள். முன்பணம் முடியாது என்றால் செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். அந்தப் பெயர் வெளியே வராது. மார்ச் 31 கடைசி நாள். போன முறை கேட்ட அக்கா இன்றும் வந்திருக்கிறார். முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும்.