சேர்ந்த பிறகு யார் கேட்பது?



இன்று பட்டம் பெறும் நீங்கள் தன்னம்பிக்கை, விடாமுயற்சி பற்றியெல்லாம் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். அதனால் உங்கள் ஊரான வடசென்னையைப் பற்றிய ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856இல் ராயபுரத்தில் திறக்கப்பட்டது. அங்கிருந்து வடக்கே துறைமுகம், தீப்பெட்டி செய்த விம்கோ, மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு, டயர் செய்யும் எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொழில் வளர்ந்திருக்கிறது. தொழிற்சங்க இயக்கமும் இந்தப் பக்கத்தில்தான் வேர்விட்டது. பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக அரசின் தொழில் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட மாநிலத்தின் மூத்த தொழில் பகுதியில் நிரந்தர வேலை என்பது ஏன் பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவே இருந்துவந்தது? காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண்களைப் பார்த்த எவரும் 'உடம்பில் வலு இல்லை' என்ற பதிலைச் சொல்ல முடியாது. வழக்கம், சாதி, குடும்பம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. அதிகம் பேசப்படாத ஒரு காரணம் சட்டத்துக்குள் இருந்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்டது டெல்லியில். ஆனால் அதன் வேர் வெகுதூரத்திலிருந்து வந்தது.

மூன்று ஷிப்ட் ஓடும் தொழிற்சாலையில் ஒரு வாரம் காலை, மறு வாரம் மதியம், அடுத்த வாரம் இரவு என்று ஆட்கள் சுழன்றாக வேண்டும். இரவில் வர முடியாத ஆளை நிர்வாகம் பகலிலும் எடுக்காது. சுழற்சிக் கணக்கு உதைக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான் பெண்களை வேலை வாங்கலாம் என்றது. மாநில அரசு இதைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை கூடவே கூடாது. பெண்ணைக் காப்பாற்ற எழுதிய இந்த வரி ஒரு பொழுதை மட்டும் மூடுவதுபோலத் தோன்றினாலும், சுழற்சி முறையில் ஓடும் ஆலைகளின் மூன்று பொழுதுகளையும் மூடிவிட்டது. இதன் பூர்வீகம் 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய மாநாடு. அங்கே இரண்டு ஒப்பந்தங்கள் ஆயின. ஒன்று தீப்பெட்டித் தொழிலில் தாடை எலும்பை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்தது, மற்றொன்று பெண்களின் இரவு வேலையை. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் உருவானபோது, சுதந்திரம் இல்லாத இந்தியாவும் அதன் தொடக்க உறுப்பினரானது. 1921இல் இரவு வேலைத் தடை உடன்படிக்கையை ஏற்றது. குடியரசான கையோடு 1950இல் அதன் திருத்திய வடிவத்தையும் ஏற்றது. ஒரு பெரிய அமைப்பில் இந்தியா சேர்ந்தபோது இந்நாட்டுத் தொழிலாளிப் பெண்ணுக்கு முதலில் வந்து சேர்ந்தவற்றில் ஒன்று, ஒரு தடை.

அதே தடையை ஐரோப்பாவில் இன்னொரு பெரிய அமைப்பு பிறகு உடைத்தது. 1957இல் ரோம் நகரில் கையெழுத்தான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக ஒப்பந்தத்தின் 119ஆவது பிரிவு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. இதைப் பெண்ணுரிமை வேட்கையால் எழுதினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்சில் சமக்கூலிச் சட்டம் ஏற்கெனவே இருந்தது; பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கும் பக்கத்து நாட்டு ஆலைகள் தன் ஆலைகளைத் தின்றுவிடும் என்று அது அஞ்சியது. வியாபாரக் கணக்கில் பிறந்த அந்த வரி ஏறக்குறைய இருபது ஆண்டு தூங்கியது. பெல்ஜியத்து விமானப் பணிப்பெண் கேப்ரியேல் தெஃப்ரேன் தொடுத்த வழக்கில், 1976இல்தான் ஐரோப்பிய நீதிமன்றம் அதை எந்தத் தொழிலாளியும் தன் நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்டுப் பெறலாம் என்று சொன்னது. 1991இல் அதே நீதிமன்றம், ஆணுக்கு இல்லாத இரவுத் தடை பெண்ணுக்கு மட்டும் இருப்பது சமத்துவத்துக்கு முரண் என்றது. பிரான்ஸும் வேறு சில நாடுகளும் 1992இல் தொழிலாளர் நிறுவனத்தின் இரவு வேலை உடன்படிக்கையைக் கைவிட்டன. அந்தச் சமூகம் வளர்ந்து உருவான ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 1995இல் வந்த ஆஸ்திரியா, தன் இரவுத் தடையை எடுக்க 2001 இறுதி வரை அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டே உள்ளே வந்தது.

புதிதாகச் சேரும் நாடுகளின் கதையில் நமக்குப் பாடம் நிறைய இருப்பதால் அங்கே சற்று நிற்கிறேன். சேர விரும்பும் நாடு ஒன்றியத்தின் சட்டங்களை மொத்தமாக ஏற்றாக வேண்டும். சமத்துவச் சட்டமும் அந்த மூட்டைக்குள் வந்துவிடும். எஸ்தோனியாவின் பாலின சமத்துவச் சட்டம் 2004 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாடு ஒன்றியத்தில் சேர்ந்ததும் அதே நாள்தான். சட்டத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்த பல ஆண்டுகள் ஒன்றியத்திலேயே ஆண் பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக இருந்த நாடு எஸ்தோனியாதான். 30 விழுக்காட்டை ஒட்டி நின்றது. போலந்தில் சேர்க்கைப் பேச்சு நடந்துகொண்டிருந்த 2001இல் ஆண் பெண் சமநிலைக்கென்று அரசில் ஒரு தனிப் பொறுப்பாளர் அலுவலகம் திறந்தார்கள், 2004இல் சேர்ந்தார்கள், 2005இல் வந்த புதிய அரசு அலுவலகத்தை மூடியது. உறுப்பினர் அட்டை கைக்கு வந்தபின் பரிசோதகருக்காக வைத்த பொருளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் அயர்லாந்து. அது 1973இல் சேர்ந்தது. திருமணமானால் பெண் அரசு வேலையை விட்டுப் போக வேண்டும் என்ற விதி அந்த ஆண்டே நீங்கியது; அதை நீக்கச் சொல்லி அந்நாட்டின் பெண்கள் நிலை ஆணையம் 1972இலேயே அறிக்கை கொடுத்திருந்தது. பிறகு அயர்லாந்து அரசு, கையில் பணமில்லை, சமக்கூலிக்கு விலக்கு வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பியத் தலைமையகத்தைக் கேட்டபோது, உள்நாட்டுப் பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கிளர்ந்தெழுந்தன. விலக்கு மறுக்கப்பட்டது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். ஒரு பெரிய ஒன்றியத்தில் சேர்வதற்காக எழுதப்படும் சமத்துவச் சட்டம் வேகமாக வரும், சுத்தமாகவும் எழுதப்பட்டிருக்கும். சேர்ந்த மறுநாள் அதற்கு உயிர் இருக்குமா என்பதை, உள்ளூரில் அதைக் கேட்டு வாங்க ஓர் அமைப்பு இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கும். அயர்லாந்தில் கேட்கும் கூட்டம் முன்பே இருந்தது, மேலேயிருந்து வந்த சட்டம் அதன் கைக்குக் கருவியானது. எஸ்தோனியாவில் கருவி முதலில் வந்தது, பிடிக்கும் கைகள் தாமதமாகத்தான் வந்தன.

நம் பக்கம் திரும்பினால், கேட்பதில் தமிழ்நாடு பல முறை முந்தியிருக்கிறது. 1921இல் பெண்களின் வாக்குரிமைத் தடையை நீக்கத் தீர்மானம் போட்டது சென்னைச் சட்டமன்றம். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதல். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்றது. அறுபது ஆண்டு கழித்து 1989இல் தமிழ்நாடு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் அது வந்தது 2005இல். ஆனால் மாநிலத் திருத்தம், 1989க்கு முன்பே கல்யாணமான மகள்களை வெளியே நிறுத்தியிருந்தது. அந்தக் கதவைத் திறந்தது இந்திய ஒன்றியத்தின் சட்டம். கீழே இருப்பவர் முந்துவதும் மேலே இருப்பவர் முடித்து வைப்பதுமாக இது இரண்டு பக்கமும் ஓடும் போக்குவரத்து. இரவு வேலையில் மட்டும் நாம் இன்னும் கேட்டு முடிக்கவில்லை, கேட்கத் தொடங்கியிருக்கிறோம். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 66ஆவது பிரிவின் இரவுத் தடையை அரசமைப்புக்கு முரண் என்று ரத்து செய்தது. அதோடு விடாமல், வீட்டுக்கும் ஆலைக்கும் வாகன வசதி, பத்துப் பேருக்குக் குறையாத குழு, இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே 12 மணி நேர ஓய்வு என்று நிபந்தனைகளும் போட்டது. இந்தத் தீர்ப்புக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலையிலும் பெண்ணைச் சேர்க்கலாம், அவள் சம்மதித்தால் இரவிலும் வேலை தரலாம் என்கிறது.

இந்தச் சமத்துவமெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு அதிக நேரம் செலவிட மாட்டேன். தடையும் கப்பலேறி வந்ததுதான். எதிர்ப்பதானால் இரண்டையும் எதிர்க்க வேண்டும்.

செலவைப் பற்றிய ஆட்சேபம் அப்படித் தள்ளக்கூடியதல்ல. இரவுப் பேருந்து, காவலர், ஓய்வறை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், 26 வாரப் பேறுகால விடுப்பு எல்லாவற்றுக்கும் முதலாளி பணம் எடுக்க வேண்டும். எடுப்பதைவிடப் பெண்ணை வேலைக்கு எடுக்காமலேயே இருந்துவிடலாம் என்று அவர் கணக்குப் போடுவார். அயர்லாந்து அரசு சொன்னதும் பணம் இல்லை என்பதுதான். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாடு மட்டும் கறாராக இருந்தால், எண்ணூரிலிருந்து வடக்கே எல்லை தாண்டியதும் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி காத்திருக்கிறது. 1957இல் பிரான்ஸ் அஞ்சியதும் இதே அச்சம். அதற்கு அவர்கள் கண்ட விடை, விதியைக் குறைப்பது அல்ல. எல்லை தாண்டினாலும் அதே விதி இருக்கும்படி செய்வது. பேறுகாலச் செலவை முழுவதும் முதலாளி தலையில் கட்டாமல் காப்பீட்டு நிதியில் பகிர்வது இன்னொரு விடை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், சேர்ந்த பெண்களுக்கு அது இன்றே நடக்கிறது. அந்த வளையத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு நடக்கவில்லை.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் தொழிற்சங்கங்களிடமிருந்து வருவது. இரவுத் தடையை நீக்கியதால் லாபம் யாருக்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். 1991 ஐரோப்பிய வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது ஓர் ஆலை மேலாளர். 77 பெண்களை இரவில் வேலை வாங்கியதற்காக. அந்தப் பெண்கள் வாக்களித்துத்தான் இரவு ஷிப்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். மறுத்தால் ஆட்குறைப்பு என்ற நிலையில் போட்ட வாக்கு அது. 43ஆவது பிரிவின் 'சம்மதம்' என்ற சொல்லையும் நான் இதே சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். மாதா மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் கான்ட்ராக்ட் தொழிலாளி எந்தத் தைரியத்தில் சம்மதம் இல்லை என்று எழுதித் தருவாள்? எழுதிய விதியும் தானாக வேலை செய்வதில்லை. 2021 டிசம்பரில் கைபேசி செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சட்டப் புத்தகத்தில் விதிகள் இல்லாமல் இல்லை. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்தப் பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் நிர்வாகமும் அரசும் விடுதிக்குள் எட்டிப் பார்த்தன. இருந்தாலும் பழைய தடைக்குத் திரும்ப வேண்டும் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. தடை சுரண்டலை நிறுத்தவில்லை. காசிமேட்டு ஏலத்திலும் மருத்துவமனை வார்டிலும் பெண்கள் இரவெல்லாம் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நல்ல சம்பளமும் சங்கமும் இருந்த ஆலைகளின் வாசலைத்தான் அது அடைத்தது. அனுமதியோடு வாகனமும் ஓய்வும் குழுவும் சேர்ந்து வந்தால் அது உரிமை. இவை கழன்று அனுமதி மட்டும் நின்றால், சங்கங்கள் சொல்வது சரி.

ஆகவே சண்டை இப்போது சட்டத்தில் இல்லை, விதியிலும் பதிவேட்டிலும் இருக்கிறது. அங்கேதான் உங்களுக்கு வேலை. உங்களில் சிலர் ஹெச்.ஆர். பிரிவில் உட்கார்ந்து ஷிப்ட் பட்டியல் போடுவீர்கள், சிலர் தேர்வு எழுதித் தொழிலாளர் துறைக்குப் போவீர்கள், சிலர் சங்கத்தில் சந்தா கட்டுவீர்கள். புதிய சட்டம் ஆய்வாளரின் பெயரையே 'ஆய்வாளர் மற்றும் உதவியாளர்' என்று மாற்றியிருக்கிறது. எந்த ஆலையைச் சோதிப்பது என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்வில் வராத ஆலையில், இரவு 10 மணிக்கு இரண்டாம் ஷிப்ட் விட்டதும் கம்பெனி பஸ் வாசலில் நிற்கிறதா என்று யார் எழுதி வைப்பது? மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, ஆனால் காலை ஷிப்டுக்கு 6 மணிக்குள் எண்ணூர் ஆலை வாசலில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு அதற்கு அப்பால் இருக்கும் தூரத்தை யார் கணக்கில் எடுப்பது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்பவர் ஆணாகவும் இருக்கலாம். பட்டியல் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.